பேச்சை நிறுத்தாதவர்

அவர் யாரோடு பேசினாலும் பேச்சை முதலில் முடிப்பவராக இருக்கமாட்டார். மின்சாரக் கம்பனியை மாற்றச் சொல்லி அழைக்கிற பெடியனிடம்கூட, "இப்ப வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டு, போனை வைக்காமல், அவன் எந்த ஊரில் இருந்து பேசுகிறான், அங்கே மழையா வெயிலா என்று கேட்டுக்கொண்டிருப்பார். எதிர்க் கதிரையில் இருந்து நான் கையால் 'வையுங்கோ, வையுங்கோ' என்று காட்டுவேன். கடைசியில் அந்தப் பெடியனே களைத்துப்போய் நன்றி சொல்லி வைத்துவிடுவான்.

"டக்குனு வெச்சா அவனுக்கு அவமானமா இருக்காதா சுகந்தி?" என்பார்.

சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தில், நான்கு அறைகள் மட்டும் கொண்ட ஓர் ஆய்வு மையத்தில் நாங்கள் வேலை செய்தோம். அவர் அதன் தலைவர். நான் ஒழுங்கமைப்பாளர். அறை பதிவதும், வருகிறவர்களுக்கு விசாக் கடிதம் எடுத்துக் கொடுப்பதும், கூட்டத்துக்குச் சான்ட்விச் சொல்வதும் என் வேலை. அவருடைய வேலை பாகிஸ்தான். கோயம்புத்தூரில் பிறந்து, டெல்லியில் படித்து, இங்கே வந்து தலைமுடி வெளுக்கும்வரை அந்த ஒரே நாட்டைப் பற்றித்தான் அவர் படித்தார். அங்கே ஒருநாளும் போனதில்லை. இந்தியாவில் பிறந்தவர் என்பதால் கேட்டபோதெல்லாம் விசா கிடைக்கவில்லை. "நிலாவைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க எல்லாரும் நிலாவுக்கா போயிட்டு வந்தாங்க?" என்று சிரிப்பார். ஆனாலும் விசாப் பத்திரத்தை நிரப்பும்போது எப்போதும் நல்ல சேலை கட்டிக்கொண்டுதான் வருவார். அது ஏன் என்று நான் கேட்டதில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் 'மேடம்' என்றுதான் கூப்பிட்டேன். "மேடம்னா யாரோ பின்னாடி நிக்கறாங்கன்னு திரும்பிப் பாக்கறேன். அக்கான்னு கூப்பிடு" என்றார்.

எல்லையில் ஏதாவது நடந்தால் தொலைக்காட்சிக்காரர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மறுநாள் எங்கள் அலுவலகப் போனில் வசவு வரும். காலையில் ஒருவர், "நீ பாகிஸ்தானின் கைக்கூலி" என்பார். மத்தியானம் இன்னொருவர், "நீ இந்திய உளவாளி" என்பார். அவர் இரண்டு பேரோடும் பொறுமையாகப் பேசுவார். ஒருமுறை காலையில் திட்டியவர் கடைசியில் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அக்கா அவருக்கு ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் பெயரைக் கொடுத்தார்.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். காஷ்மீரில் ஒரு தாக்குதல் நடந்த வாரம், கோயில் கன்ரீனில் தோசை வாங்கிக்கொண்டு இருந்தோம். சென்னையில் இருந்து வந்து ஐடி வேலை பார்க்கிற ஒருவர் தட்டோடு எங்கள் மேசைக்கு வந்தார்.

"என்ன மேடம், உங்க பாகிஸ்தான் எப்படி இருக்கு?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கண் சிவந்திருந்தது. அவருடைய மாமா பையன் ராணுவத்தில் இருக்கிறான் என்பது பிறகு பேச்சில் தெரிந்தது.

"உக்காருங்க" என்றார் அக்கா. "நல்லா இல்லை. எப்பவும் நல்லா இல்லை."

"அப்புறம் எதுக்கு மேடம் அவங்களோட பேசணும், உதவணும்னு டிவில சொல்றீங்க? ஒரேயடியா அடிச்சு முடிக்க வேண்டியதுதானே?"

"எப்படி அடிப்பீங்க? அவங்ககிட்ட அணுகுண்டு இருக்கு. சரி, உலகமே ஒதுக்கி வெச்சிடலாம்னா, அரசாங்கம் விழுந்தா அந்தக் குண்டு நாளைக்கு யார் கைக்குப் போகும்? உள்ளேயே அதுக்குக் காத்திட்டிருக்கறவங்க இருக்காங்க. காசைக் கொட்டலாம்னா, அது நாம நினைக்கற இடத்துக்குப் போறதில்லை. நீங்களே சொல்லுங்க, மிச்சம் என்ன இருக்கு?"

"பேசிப் பேசி என்ன மேடம் ஆச்சு?"

"பெரிசா ஒண்ணும் ஆகலை" என்றார் அக்கா. "பேசாம விட்டா என்ன ஆகும்னு பாத்துடக் கூடாதுங்கற பயம்தான் எனக்கு."

அந்த மனிதருக்கு அது போதவில்லை. கோபத்தோடு வந்த யாருக்கும் அது போதாது. அவருடைய மனைவி வந்து கூப்பிடும்வரை அக்கா அவரோடு பேசிக்கொண்டிருந்தார். தோசை ஆறி விறைத்துவிட்டது.

திரும்பி வரும்போது, காட்டு வழியில் கார் ஏறிக்கொண்டிருக்க, கன நாளாக நெஞ்சுக்குள் கிடந்ததை நான் கேட்டேன்.

"அக்கா, அரசை நிலைப்படுத்துறது எண்டு நீங்கள் எழுதுறீங்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கிறேல்லை. எங்கட இலங்கையையும் சர்வதேசம் இப்பிடித்தான் சேர்ந்து நிலைப்படுத்தினது. நாங்கள் அதுக்குக் கீழ கிடந்தனாங்கள்."

அவர் என் பக்கம் திரும்பினார். "யாரை நிலைப்படுத்தறோம்ங்கறதுதான் கேள்வி. துப்பாக்கி வெச்சிருக்கவனையா, ஸ்டேஷன்ல உக்காந்து புகாரை எழுதி வாங்கறவனையா."

"ரெண்டு பேரும் ஒரே ஆள் எண்டால்?"

"அப்போ நான் எழுதறது தப்பு."

அவர் அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். பிறகு, "ஆனா நான் எழுதாம விட்டா வேற யாரோ எழுதுவாங்க. அவங்களுக்கு நீ இப்ப சொன்னது தெரிஞ்சிருக்காது" என்றார். எனக்கு அது சமாதானமாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது.

அடுத்த வருசம், பாகிஸ்தானின் வடமேற்கில் ஒரு மாவட்டத்தின் பொலிஸ் தலைவராக இருந்தவர், ஒரு வருட ஆய்வுக்காக எங்கள் மையத்துக்கு வந்தார். நாற்பதைத் தாண்டிய, உயரமான மனிதர். சிரித்தால் மீசையும் சேர்ந்து சிரிக்கும். அவருக்கும் எனக்கும் அக்காவுக்கும் பொதுவான மொழி ஆங்கிலம்தான். முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது அவர் சொன்னார்: "மேடம், ஓர் இந்தியரோடு ஒரே மேசையில் சாப்பிட்டேன் என்று தெரிந்தால் என் பதவி உயர்வு போய்விடும்."

"எனக்குப் போறதுக்குப் பதவி உயர்வே இல்லை. நீங்க தைரியமா சாப்பிடுங்க" என்றார் அக்கா.

அன்றிலிருந்து இரண்டு பேரும் சண்டைதான். அவர் சொல்வார், உங்களுடைய வரைபடங்களில் என் மாவட்டம் ஒரு நிறம், அவ்வளவுதான். அங்கே ஒரு சாட்சியை உயிரோடு நீதிமன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் வெளியுறவுக் கொள்கை. அக்கா அடுத்த நாள் வந்து, அதை ஒரு பந்தியாக எழுதிக் காட்டுவார். இல்லை மேடம், இது அழகாக இருக்கிறது, அதனால் பிழை என்பார் அவர். இப்படியே வருசம் முழுக்க அடித்துத் திருத்தி இருவரும் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினார்கள். அதன் சாரம் எனக்கே மனப்பாடம். அந்த நாட்டை நிலையாக வைத்திருப்பது தலைநகரில் இருக்கிற தளபதிகள் அல்ல. மிரட்டலுக்குப் பயந்து ஓடிப்போகாமல் தன் நாற்காலியில் இருக்கிற பொலிஸ்காரர், நீதவான், பள்ளி ஆசிரியை. வெளிநாடுகள் உதவுவதென்றால் அவர்களுக்கு உதவட்டும், ஆட்சி மாறினாலும் உதவியை நிறுத்தாமல் இருக்கட்டும்.

கான்பராவில் அதிகாரிகள் சிலருக்கு அதை விளக்கப் போனபோது பிரதிகளைக் காவிக்கொண்டு நானும் போனேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவர், "பலன் தெரிய எவ்வளவு காலம் ஆகும்?" என்று கேட்டார்.

"ஒரு தலைமுறை" என்றார் அக்கா.

அவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. தங்களுக்கு அடுத்த தேர்தல்வரைதான் கணக்கு என்று தெரிந்தவர்களின் சிரிப்பு. சில மாதங்களுக்குப் பிறகு நட்பு நாடுகள் சேர்ந்து ஓர் உதவித் திட்டத்தை அறிவித்தபோது, அதில் அறிக்கையின் சொற்கள் எல்லாம் இருந்தன. பணம் மட்டும் எல்லைக் கமராக்களுக்கும் கவச வாகனங்களுக்கும் போனது. பொலிஸ்காரரும் நீதவானும் ஆசிரியையும் 'அடுத்த கட்டத்தில்' வந்தார்கள். அக்கா அந்தத் தாளைப் படித்துவிட்டு, மறுபடியும் போனை எடுத்து, அந்த அதிகாரிகளில் ஒருவரை அழைத்து, அடுத்த கட்டம் எப்போது என்று அன்பாகக் கேட்டார்.

பொலிஸ்காரருக்கு மெல்பனில் ஒரு தம்பி இருந்தார். ட்ருகனினாவில் ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளர். "போகாதே அண்ணா, இங்கேயே இருந்துவிடு, குடும்பத்தைப் பிறகு எடுக்கலாம்" என்று அந்தத் தம்பி ஒவ்வொரு நாளும் நச்சரித்தார். ஊருக்குத் திரும்ப வேண்டிய வாரத்தில் அவர் அக்காவின் அறைக்கு வந்து நின்றார். கதவு திறந்துதான் இருந்தது.

"மேடம், நான் போகவேண்டுமா?"

அக்கா அவரைக் கதிரையில் இருக்கச் சொன்னார். "உங்களுக்காகக் கேக்கறீங்களா, நாம எழுதினதுக்காகக் கேக்கறீங்களா?"

"இரண்டுக்கும் ஒரே பதில் கிடைக்குமா என்று பார்க்கிறேன்."

"உங்களை மாதிரி ஆளுங்க விட்டுட்டு வந்தா, அப்புறம் அங்க மிச்சம் இருக்கறது யாரு?" என்றார் அக்கா. "போங்க. ஆனா நான் உங்களைத் தனியா விடமாட்டேன். ஒவ்வொரு வாரமும் பேசுவேன்."

அவர் போனார். அக்கா சொன்னபடியே புதன்கிழமைகளில், இங்கே பின்னேரமும் அங்கே காலையுமாக இருக்கும்போது, அழைத்துப் பேசினார். யார் மிரட்டினார்கள், எந்த ஸ்டேஷனுக்கு ஆள் இல்லை, பெரிய மகளுக்குப் பரீட்சை எப்படி, எல்லாம் பேசுவார்கள். இது ஒரு வருசத்துக்கு மேல் நடந்தது.

பிறகு ஒரு புதன்கிழமை அவர் சொன்னார்: "மேடம், இனி அழைக்காதீர்கள். யார் இந்த இந்தியப் பெண் என்று என் மேலதிகாரிகளும் கேட்கிறார்கள். கேட்கக்கூடாதவர்களும் கேட்கிறார்கள்."

"எவ்வளவு நாளைக்கு?"

"நான் சொல்லும்வரைக்கும்."

ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அக்கா வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு இணைப்பு தானாக அறுந்தது.

அவரைப் பாதுகாக்கும் என்று அக்கா நம்பிய ஒரே விசயம் அந்தப் பேச்சு. அதுவே அவருடைய கழுத்துக்குக் கத்தியாகிவிட்டது. அக்கா என்னைப் பார்த்து, "நீ வீட்டுக்குப் போ, ட்ராஃபிக் வந்துடும்" என்றார்.

சில வாரங்களில் அவருடைய மாவட்டத்தில் பொலிஸ் அலுவலகம் ஒன்றில் குண்டு வெடித்தது. இறந்தவர்களின் பெயர் இன்னும் வரவில்லை. அலுவலகத் தொலைக்காட்சியில் புகையையும், ஓடுகிற ஆட்களையும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அக்கா கதிரையின் நுனியில் இருந்தார். போன் மேசையில் கிடந்தது.

"நான் எடுக்கட்டே அக்கா? என்ர நம்பர் ஒருத்தருக்கும் தெரியாது."

"வேண்டாம்."

"உயிரோட இருக்கிறாரோ எண்டு மட்டும்..."

"உயிரோட இருந்தா, நம்ம கால் அவரைக் கொல்லலாம். இல்லேன்னா, நாம கூப்பிட்டு என்ன?"

அந்தப் போன் அடித்தது. வானொலிக்காரர்கள். இந்தத் தாக்குதலால் அணு ஆயுதங்களுக்கு ஆபத்து உண்டா, உலகம் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். அக்கா எல்லோருக்கும் பதில் சொன்னார். அவருடைய குரல் எப்போதும்போல நிதானமாக இருந்தது. இடது கை மட்டும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது வானொலி முடிந்ததும், "என்ன சொன்னேன் சுகந்தி? சரியாத்தானே சொன்னேன்?" என்று கேட்டார். சரியாகத்தான் சொன்னார். ஒரு சொல்லும் பிசகவில்லை.

இரண்டு நாளுக்குப் பிறகு செய்திக் காணொளி ஒன்றில் அவரைக் கண்டோம். யாருடையதோ சவப்பெட்டியைத் தோளில் தாங்கிக்கொண்டு போனார். அக்கா அந்தத் துண்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். "கழுத்து எப்படி மெலிஞ்சு போச்சு பாரு" என்றார். அப்போதுதான் அழுதார்.

அதன் பிறகு அவர் முழு மூச்சாக இறங்கியது அந்தக் குடும்பத்தை இங்கே கொண்டுவருவதில். பாராளுமன்ற உறுப்பினர்கள், வழக்கறிஞர்கள், முன்பு அறிக்கையைப் பாராட்டிய அதிகாரிகள் என்று ஒருவரையும் விடவில்லை. "நான்தானே போகச் சொன்னேன்" என்பதை ஒவ்வொருவரிடமும், ஏதோ அதுவும் ஒரு தகுதி என்பதைப்போல, சொன்னார். எல்லோரும் மிகவும் கனிவாகப் பேசினார்கள். எல்லாம் பரிசீலனையில் இருந்தது. பரிசீலனை ஒரு குளிர்காலத்தையும் ஒரு கோடையையும் விழுங்கிவிட்டு ஒருநாள் முடிந்தது. விசா கிடைத்தது. அன்றைக்கு அக்கா மையத்தில் எல்லோருக்கும் கேக் வாங்கி வைத்தார்.

குடும்பம் வந்து இறங்கிய மூன்றாம் வாரம் நாங்கள் இருவரும் விமானம் ஏறி மெல்பனுக்குப் போய், ட்ருகனினாவில் அந்தத் தம்பியின் வீட்டைத் தேடிப் பிடித்தோம். எல்லா வீடும் ஒரே மாதிரி. எல்லா மரமும் இடுப்பு உயரம். பொலிஸ்காரரின் மனைவி கதவைத் திறந்தார். ஊரில் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவர். பின்னால் இரண்டு பெண் பிள்ளைகள் நின்றார்கள். அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அவர் எங்கே?"

"உட்காருங்கள்" என்றார் அந்தப் பெண். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் சொன்னார். "விசா அவருக்கும் கிடைத்தது. விமான நிலையம்வரை வந்தார். பெட்டிகளை ஏற்றினார். பிறகு, நீங்கள் போங்கள், நான் வந்துவிடுவேன் என்றார். அவர் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும்."

அக்கா கோப்பையைத் தொடவில்லை.

"நீங்கள் சொன்னால் வருவார்" என்றார் அந்தப் பெண். "நீங்கள் சொல்லித்தானே போனார். என் போனில் இருந்து பேசுங்கள், இது குடும்ப நம்பர், பயமில்லை."

அவரே அழைத்துக் கொடுத்தார். போனை மேசையில் வைத்தோம். அக்காவின் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கத்தில் அவர் குழந்தைபோலச் சிரித்தார். அக்கா நேரே விசயத்துக்கு வந்தார்.

"வந்துடுங்க. போதும். நீங்க செஞ்சது போதும்."

"மேடம், போன மாதம் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் இருக்கிறவர்கள் நான் இருப்பதால் இருக்கிறார்கள். இது நாம் எழுதியதுதானே?"

"எழுதினது தப்புன்னு வெச்சுக்குங்க."

"தப்பா, மேடம்?"

அவர் வாதத்துக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். அந்த மனிதர் இரண்டு நாடுகளிலும் நம்பியது அக்காவின் சொல்லை மட்டும்தான். மனைவி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மனதுக்குள், ஓம் எண்டு சொல்லுங்கோ அக்கா, ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ என்று கெஞ்சினேன்.

அக்கா வாயைத் திறந்தார். மூடினார். பிறகு மிகவும் சின்னக் குரலில், "தப்பில்லை" என்றார்.

அந்தப் பெண் போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். அங்கே தங்கள் மொழியில் கொஞ்ச நேரம் பேசினார். திரும்பி வந்தபோது அவர் சத்தம் போடவில்லை. ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "மேடம், ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கலாம்."

விமானத்தில் அக்கா என் பக்கத்தில் கையைக் கோத்துக்கொண்டு இருந்தார். "சொல்ல வரலை சுகந்தி" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருசம் முடிவதற்குள், நீதிமன்றத்துக்குப் போகும் வழியில் அவரைச் சுட்டுவிட்டார்கள். அவருடைய மனைவி அலுவலகத்துக்கு அழைத்து, என்னிடம்தான் சொன்னார். "மேடத்திடம் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னால் அவருடைய குரலைக் கேட்க முடியாது" என்றார்.

அக்காவின் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு என்னிடம் திரும்பிக் கேட்டார்.

"அவர் இடத்துக்கு யாரைப் போட்டிருக்காங்க?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஆள் செத்துப்போனார் அக்கா. இனி ஆரைப் போட்டால் என்ன?"

"அதுக்காகத்தானே அவர் அங்க..." என்று தொடங்கினார். மேலே வரவில்லை. அவ்வளவு வருசத்தில் அவர் பாதியில் விட்ட வசனம் அது ஒன்றுதான். நான் பக்கத்தில் போய் நின்றேன். தோளில் கை வைக்கலாமா என்று தெரியவில்லை. வைத்தேன். வெளியே அலுவலகப் போன் அடித்தது. வானொலிக்காரர்களாக இருக்கும். இரண்டு பேரும் எடுக்கவில்லை.

அடுத்த வருசம் அவர் ஓய்வுபெற்று, கோயம்புத்தூரில் தங்கையிடம் போய்விட்டார். மையமும் வேறு ஒரு துறையோடு சேர்ந்துவிட்டது. நான் மெல்பனுக்குப் போகும்போதெல்லாம் ட்ருகனினாவுக்குப் போவேன். அந்தப் பெண் இப்போது ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறார். பெரிய மகள் என்னோடு ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசுகிறாள். தகப்பனைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஒருமுறை மட்டும், நான் கேட்காமலே, அந்தப் பெண் சொன்னார்: அந்தப் பதவிக்கு இதுவரை யாரும் வரவில்லையாம். நியமிக்கப்பட்டவர்கள் எல்லோரும் மருத்துவ விடுப்புக் கேட்கிறார்களாம்.

அக்காவோடு இன்னமும் பேசுகிறேன். வெயில், என் மகனின் படிப்பு, அந்தப் பிள்ளைகளின் உயரம் எல்லாம் கேட்பார். அவர் இடத்துக்கு யாரைப் போட்டார்கள் என்பதை மட்டும் கேட்பதில்லை. நானும் சொல்லவில்லை.